நாற்காலியில் வந்து உட்கார்ந்த மாப்பிள்ளை

என் அக்கா வீட்டுக்காரருக்குக் கடற்கரையில் 'விசில்' என்று பெயர். சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் நகராட்சி அலுவலகத்திலேயே இரண்டு பேர் முழிப்பார்கள். விசில் எங்கே என்று கேட்டால் ஐஸ் விற்கிறவர்கூடக் கை நீட்டிக் காட்டுவார். எனக்கு அவர் மாமா.

அவர் லைஃப் கார்டு. இருபத்தாறு வருஷமாக ஒரே கடற்கரை, ஒரே நாற்காலி. பத்தடி உயரத்தில் இரும்புக் கால்கள், ஏற ஒரு பக்கம் படி, தலைக்கு மேல் ஒரு தகரம். அதற்கு முன்னால் அவர் சைக்கிளில் கடை கடையாக ரொட்டி போட்டுக்கொண்டிருந்தார். ஒரு நாள் காலை கடலோரச் சாலையில் போகும்போது, தண்ணீருக்கு மேலே ஒரு கை மட்டும் தெரிந்திருக்கிறது. சைக்கிளை அப்படியே சாய்த்துவிட்டு ஓடிப்போய் அந்தக் கைக்குச் சொந்தக்காரரை இழுத்துவந்து போட்டார். அவர் நகராட்சியின் சுகாதார அதிகாரி. இருமி இருமித் தண்ணீரைக் கக்கி முடித்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "நீச்சல் எங்கப்பா கத்துக்கிட்ட?" அடுத்து, "திங்கக்கிழமை ஆபீசுக்கு வா." அதற்குள் சைக்கிள் ரொட்டியை நாய்கள் பங்கு போட்டு முடித்திருந்தன. பேக்கரி முதலாளி அன்றைக்கே சீட்டைக் கிழித்தார். ஒரே காலையில் ஒரு வேலை போய் ஒரு வேலை வந்தது.

மாமாவுக்கு வேலையில் ஒரே சட்டம்தான். தண்ணீரில் இருக்கிற தலைகளை எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும். எண்ணிக்கை குறைந்தால் எழுந்து நிற்க வேண்டும். வானத்தில் விமானம் போனாலும் சரி, பின்னால் பாண்டு வாத்தியம் போனாலும் சரி, திரும்பக் கூடாது. இந்தப் பழக்கம் அவரை வீட்டிலும் விடவில்லை. கல்யாண மேடையில் மாலையும் கழுத்துமாக நின்றபோதே கூட்டத்தை எண்ணி, அக்கா காதில், "நானூத்திப் பன்னெண்டு பேரு. ஒருத்தரும் முழுகல" என்று சொன்னாராம். இப்பேர்ப்பட்ட ஆளுக்கா கழுத்தை நீட்டினோம் என்று அக்கா அப்போதே நினைத்தாளாம்.

நான் அதே மணலில் டியூப் வாடகைக்கு விடுகிறேன். அவரிடம் அதிகமாக விசில் வாங்கியவன் நான்தான். மச்சினன் என்ற சலுகையெல்லாம் கிடையாது. டியூபை இரண்டடி தள்ளி வைத்தால் போதும், காது கிழியும்.

இந்தக் கதை நடந்த கோடையில், நடுக்கடலில் எங்கோ இரண்டு புயல்கள் அடுத்தடுத்து வீசின. எங்கள் பக்கம் மழைகூட இல்லை. ஆனால் பறவைகள் வந்தன. வடக்கே மீன் இறங்குதளத்தின் மேலே, கத்தரிக்கோலை விரித்தது போன்ற வாலோடு ஒரு பெரிய கரும்பறவை இறக்கையையே அசைக்காமல் அரை நாள் சுற்றியது. தெற்கே படகுகளின் விளிம்பில் கரிய சிறு பறவைகள் வரிசையாக உட்கார்ந்து தூங்கி வழிந்தன. ஆள் கிட்டே போனாலும் பறக்கவில்லை. நாற்பது வருஷம் கடலுக்குப் போன படகுக்காரர்களே, "இதுங்கள நடுக்கடல்ல பாத்திருக்கோம். கரையில பாத்ததே இல்ல" என்றார்கள்.

செய்தி பரவியதும் தொப்பியும் தொலைநோக்கியுமாக ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். அவர்களுக்குத் தலைமை, கல்லூரியில் விலங்கியல் சொல்லித்தரும் ஓர் அம்மாள். எல்லோரும் அவரைப் பறவை டீச்சர் என்றார்கள். கரையோரம் முழுக்க எந்தப் பறவை எங்கே எப்போது என்று விசாரித்துக்கொண்டே வந்தவர், மாமாவின் நாற்காலிக்குக் கீழே நின்று அண்ணாந்தார்.

"சார், நீங்க நாள் பூரா கடலத்தான் பாக்கறீங்க. புதுசா ஏதாவது பறவ கண்ணுல பட்டுதா?"

மாமா குனியவில்லை. "படல டீச்சர்."

"ஒண்ணுகூடவா?"

"மேல பாத்தா கீழ ஒருத்தன் போயிடுவான். நமக்குத் தெரிஞ்சதெல்லாம் தல மட்டுந்தான்."

"பறவைக்கும் தல உண்டே சார்."

"தண்ணியில முங்கினா சொல்லுங்க. எடுத்துட்டு வரேன்."

டீச்சர் சிரித்துவிட்டு என்னிடம் வந்து, "உங்க மாமா எப்பவும் இப்படித்தானா?" என்றார். "இன்னைக்குக் கொஞ்சம் கலகலப்பா இருக்காரு டீச்சர்" என்றேன்.

உண்மையில் அன்று மாமாவுக்கு மனது சரியாக இல்லை. நான்கு மாதத்துக்கு முன்புதான் மகளுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. மகளும் மருமகனும் முதல்முறையாகத் தங்கிப் போக அன்று மாலை வருகிறார்கள். மருமகன் வேறு ஊரில் பெரிய பெரிய விளம்பரப் பலகைகளைச் சாரம் கட்டி நிறுத்தும் வேலை செய்கிறவர். தங்கமான பையன். ஆனால் வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமோ என்று பயப்படுகிற ரகம்.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு நானும் போயிருந்தேன். மாமா மூன்று கேள்வி கேட்டார்.

"பஸ்ஸுல கூட்டமா?"

"இல்ல மாமா."

"அங்க வெயிலு அதிகமோ?"

"ஆமா மாமா."

"இன்னொரு துண்டு மீனு?"

"போதும் மாமா."

அதற்குப் பிறகு இருவரும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இதில் இன்னொரு சங்கடமும் இருந்தது. மருமகன் தெரியாமல் போய் மாமாவின் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அதில் வேறு யாரும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. சொல்லவும் முடியாமல் மெல்லவும் முடியாமல் மாமா வாசற்பக்கம் இருந்த துணிப்பெட்டியின் மேல் ஒண்டிக்கொண்டார். அக்கா மகள் என்னைப் பார்த்தாள், நான் தட்டைப் பார்த்தேன்.

மறுநாள் காலை நான் டியூபுகளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தபோது மாமா வேலைக்கு வந்தார். நாற்காலிக்குப் பத்தடி முன்னால் நின்றுவிட்டார்.

மேலே ஒரு பறவை உட்கார்ந்திருந்தது. வாத்தைவிடப் பெரிது. தலையிலிருந்து மார்பு வரை காப்பிக்கொட்டை நிறம். அதற்குக் கீழே, கோடு போட்டுப் பிரித்தது போல வெள்ளை. பார்க்க, பழுப்புக் கோட்டும் வெள்ளைக் கால்சட்டையும் மாட்டிக்கொண்டு வரவேற்புக்கு வந்தவரைப் போல இருந்தது. ஈட்டி மாதிரி நீண்ட அலகு, மஞ்சள் கால்கள். உட்காரும் பலகையின் நட்டநடுவில் வசதியாக இருந்துகொண்டு கடலைப் பார்த்தது.

மாமா விசிலை எடுத்து ஊதினார். குளித்துக்கொண்டிருந்த நான்கைந்து பேர் பதறிக் கரையேறினார்கள். நான் அனிச்சையாக ஒரு டியூபைப் பின்னால் இழுத்தேன். பறவை மட்டும் கழுத்தை மெதுவாகத் திருப்பி மாமாவை மேலிருந்து கீழ் வரை ஒருமுறை பார்த்தது. பிறகு கண்ணை மூடிக்கொண்டது.

"பாத்தியாடா," என்றார் மாமா. அவர் குரலில் கோபத்தைவிட மரியாதைதான் அதிகம் இருந்தது. "வந்தாரு, நல்ல நாற்காலியா பாத்து ஒக்காந்தாரு, கண்ண மூடிட்டாரு. மாப்பிள்ளையேதான்."

கடற்கரை மேற்பார்வையாளர் வந்து பார்த்தார். "தொடப்பத்தால ரெண்டு தட்டு தட்டி வெரட்டுய்யா, ஆபீஸ் நாற்காலி" என்றார். துடைப்பத்தை நான்தான் எடுத்துக்கொடுத்தேன். மாமா இரண்டு படி ஏறிவிட்டு நின்றார். பக்கத்தில் பார்த்தபோது அதன் இறக்கை நுனிகள் தொங்கிப்போயிருந்தன. மூச்சு விடும்போது உடம்பே குலுங்கியது. மாமா இறங்கிவந்து துடைப்பத்தை என்னிடமே திருப்பித் தந்தார். "நீந்திக் களைச்சவன் மொகம் எனக்குத் தெரியும் சார். இது அதான்."

எனக்கு டீச்சரின் எண் தெரியும், கூப்பிட்டேன். மாமா அதற்குள் தன் பங்குக்கு வீட்டுக்குப் போன் போட்டார். இந்தப் பக்கத்தை நான் காதால் கேட்டேன். அந்தப் பக்கத்தை அக்கா இன்றுவரை எல்லோருக்கும் நடித்துக் காட்டுகிறாள். அங்கே மருமகன் பிரம்பு நாற்காலியில் அமர்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். அக்காவின் கை முழுக்க மாவு. அதனால் மகள் போனின் ஸ்பீக்கரை அமுக்கி நடுவீட்டில் வைத்துவிட்டாள்.

"இந்தா, கேளு. மாப்பிள்ள நாற்காலிய விட்டு எறங்க மாட்டேங்கறாரு."

அக்கா மாவுக் கையோடு போனிடம் குனிந்தாள். "மெதுவாப் பேசுங்க. இங்கதாங்க ஒக்காந்திருக்காரு."

"எங்க?"

"நாற்காலியிலதான்."

"அதத்தான்டி நானும் சொல்றேன்! நாம ஒண்ணு சொன்னா மொகத்த அந்தப் பக்கம் திருப்பிக்கறாரு. மீனு நீட்டினாகூட வேண்டாம்பாரு போல."

மருமகன் கோப்பையைக் கீழே வைத்தார்.

"என்னங்க, போன வெச்சுடுங்க..."

"இரு. சூப்பர்வைசர் தொடப்பத்தால ரெண்டு போடச் சொல்றாரு. எனக்குத்தான் மனசு வரல. ஏற்கெனவே இளச்சு, துரும்பாட்டம் இருக்காரு. ஆனா ஒண்ணு, நாற்காலி பூரா வெள்ள வெள்ளையாக் கழிஞ்சு வெச்சிருக்காரு. அத எவன் கழுவறது?"

பிறகு மருமகன் எழுந்து, தான் உட்கார்ந்திருந்த நாற்காலியை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, "இல்லியே மாமா, சுத்தமாத்தானே இருக்கு" என்றார். அடுத்து அவர் சிரித்த சிரிப்பு போன் வழியாக எனக்கே கேட்டது. அவருக்குச் சிரிக்கத் தெரியும் என்பது அன்றுதான் எங்களுக்கெல்லாம் தெரிந்தது. விஷயம் புரிந்ததும் மாமா போனைக் காதிலிருந்து எடுத்து, அது சுட்டதைப் போல என்னிடம் தந்துவிட்டார்.

அரை மணியில் குடும்பமே கடற்கரையில் இருந்தது. டீச்சரும் வந்து தொலைநோக்கியில் பார்த்தார். பிறகு, "பிரவுன் பூபி," என்றார். "நடுக்கடல் பறவ. இந்தக் கரையில இது ஒக்காந்து நான் கேள்விப்பட்டதே இல்ல சார். புயல்ல அடிச்சுக்கிட்டு வந்திருக்கு. தொடாதீங்க, எதுவும் குடுக்காதீங்க. ஆளுங்கள நாப்பதடி தள்ளி நிறுத்துங்க. தெம்பு வந்தா தானா போயிடும்."

மேற்பார்வையாளர் துடைப்பத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

ஆட்களைத் தள்ளி நிறுத்துவது மாமாவுக்குக் கைவந்த கலை. நாற்காலியைச் சுற்றிச் சிவப்புக் கொடி நட்டுக் கயிறு கட்டினார். சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. தரையில் நின்றால் இரண்டாவது அலைக்கு அப்பால் அவருக்குத் தலைகள் தெரியவில்லை. கவிழ்த்துப் போட்ட படகின் மேல் ஏறிப் பார்த்தார், போதவில்லை. என் கடையின் முக்காலியைப் படகின் மேல் வைத்து ஏறினார். அக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

மருமகன் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே நின்றார். யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் நடந்து போனார். கோபித்துக்கொண்டு ஊருக்கே கிளம்பிவிட்டாரோ என்று மாமா என்னைப் பார்த்தார். சற்று நேரத்தில் பெயிண்டுக் கடையிலிருந்து, விரித்து நிறுத்துகிற பன்னிரண்டடி அலுமினிய ஏணி ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தார். கயிற்றுக்கு வெளியே மணலை முழங்கால் ஆழம் தோண்டி, ஈரம் தட்டிய இடத்தில் பலகை போட்டு, அதன்மேல் ஏணியின் கால்களை நிறுத்தினார். நான்கு மூட்டை மணல் கட்டிக் கால்களோடு பிணைத்தார். பிடித்து ஆட்டிப் பார்த்தார், அசையவில்லை.

"ஏறுங்க மாமா. காத்துல முப்பதடி போர்டே நிக்கும். நீங்க நிக்க மாட்டீங்களா?"

மாமா ஏறினார். உச்சிப் படியில் தலையணை ஒன்றை வைத்துக்கட்டி, குடையும் செருகிக் கொடுத்தார் மருமகன். அந்தப் பக்கம் நாற்காலியில் பறவை, இந்தப் பக்கம் ஏணியில் மாமா. இரண்டு பேரும் ஒரே விறைப்போடு கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "என்னை ஒருநாள் இப்படிப் பக்கத்துல ஒக்கார வெச்சுக் கடல் பாத்திருப்பாரா இந்த மனுஷன்?" என்றாள் அக்கா.

இரண்டாம் நாள் கூட்டம் நெரிந்தது. பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் வந்தார்கள். கயிற்றைச் சுற்றி முந்நூறு பேர் நின்றார்கள், அத்தனை பேருடைய முதுகும் கடலுக்கு. என் டியூபுகளை யாரும் சீண்டவில்லை. அந்த மொத்தக் கடற்கரையில் கடலைப் பார்த்தவர்கள் இருவர்தான், பறவையும் மாமாவும்.

பத்திரிகையிலிருந்து ஒரு புகைப்படக்காரர் வந்திருந்தார். இருவர் முகமும் தெரிகிற மாதிரி எடுக்க வேண்டுமானால் கடலுக்குள் நின்றுதான் எடுக்க வேண்டும். காலணியைக் கழற்றிவிட்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, அலைக்கு முதுகு காட்டி நின்றார். மாமா மூன்று முறை ஊதினார். புகைப்படக்காரர், மாமா தனக்காகப் போஸ் கொடுக்கிறார் என்று நினைத்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

அவர் நின்ற இடத்துக்கு இடது பக்கம் ஒரு பள்ளம் உண்டு. அங்கே அலை பார்க்கச் சாதுவாக இருக்கும், அடியில் இழுப்பு ஆளைக் கொண்டுபோய்விடும். அவர் இன்னும் நல்ல கோணம் தேடி ஒரு காலை எடுத்து இடது பக்கம் வைத்தார். அந்தக் கால் இறங்கியபோதே மாமா ஏணியிலிருந்து குதித்துவிட்டார். இவர் எதற்குக் குதிக்கிறார் என்று புகைப்படக்காரருக்குப் புரியவில்லை. நல்ல காட்சி என்று பட்டனை அமுக்கினார். அடுத்த நொடி அவர் தலையைக் காணோம். தண்ணீருக்கு மேலே ஒரு கையும் அதில் ஒரு காமிராவும் மட்டும் தெரிந்தன.

முந்நூறு பேரில் ஒருவரும் இதைக் கவனிக்கவில்லை. மாமா ஓடிவந்து என் டியூப் ஒன்றைப் பறித்துக்கொண்டு பாய்ந்த பிறகுதான் நானே பார்த்தேன். இழுப்போடு மல்லுக்கட்டாமல் அதன் போக்கிலேயே போய், அந்த ஆளின் சட்டைக் காலரைப் பிடித்து டியூபுக்குள் செருகி, சுற்றி வளைத்து நூறடி தள்ளிக் கரை சேர்த்தார். மருமகன் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி ஓடிப்போய்க் கை கொடுத்தார். புகைப்படக்காரர் இருமினார், கக்கினார், கண்ணைத் திறந்தார்.

"காமிரா?"

"கையிலதான் இருக்கு," என்றார் மாமா. "விட்டுட்டு ரெண்டு கையாலயும் நீந்தணும்னு தோணலியா?"

"கம்பெனி காமிரா சார்."

மாமா அவர் முதுகைத் தட்டிக்கொடுத்துவிட்டு எழுந்தார். மாமாவுக்கு மூச்சிரைத்தது. ஐம்பதைத் தொடப்போகிற உடம்பு. மருமகன் ஒன்றும் பேசாமல் தன் தோளைக் கொடுத்தார். மாமாவும் ஒன்றும் பேசாமல் அதில் கை போட்டுக்கொண்டு ஏணி வரை நடந்தார். முந்தாநாள் இரவு கடிகாரத்தைப் பார்த்த அதே மௌனம்தான். ஆனால் இப்போது அதில் யாருக்கும் முள் குத்தவில்லை.

மறுநாள் பத்திரிகையின் முதல் பக்கத்தில் படம் வந்தது. நாற்காலியில் பறவை சலனமில்லாமல் உட்கார்ந்திருக்கிறது, பக்கத்தில் மாமா கையையும் காலையும் விரித்து அந்தரத்தில் நிற்கிறார். கீழே, 'ஓய்வெடுப்பது அரிய கடற்பறவை; பறப்பவர் நகராட்சி ஊழியர்' என்று போட்டிருந்தார்கள். மேற்பார்வையாளர் இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து, எல்லோருக்கும் அந்தப் பக்கத்தைக் காட்டி, "என் கடற்கரை" என்றார்.

மூன்றாம் நாள் பத்து மணி சுமாருக்குக் காற்று மாறிக் கடலிலிருந்து வீச ஆரம்பித்தது. கூட்டம் திடீரென்று ஓவென்று கத்தியது, கைதட்டியது. நான் திரும்பினேன். நாற்காலி காலியாக இருந்தது. பறவை அலைகளுக்கு மேலே தாழ்வாகப் போய்க்கொண்டிருந்தது. மாமாவின் ஏணிக்குப் பக்கத்தில்தான் போனது என்றார்கள். அவர் திரும்பவில்லை. அந்த நேரத்தில் கடலில் நாற்பத்தொரு தலைகள் இருந்தன. நாற்பத்தொன்றும் பறவையைப் பார்த்து வாய் பிளந்துகொண்டிருந்தன.

மதியம் ஆள் மாற்றிவிட்டுக் கீழே இறங்கியதும் மாமா முதலில் மருமகனைத்தான் தேடினார்.

"எப்படிப் போச்சு?"

மருமகன் மணலில் உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தார். முதலில் எழுந்து நின்று இறக்கையை இரண்டு தரம் விரித்துப் பார்த்தது. கால் மாற்றிக் கால் வைத்தது. காற்றுக்கு எதிராக முகத்தைத் திருப்பியது. குதித்ததும் விழுந்துவிடும் போல ஓர் ஆள் உயரம் இறங்கி, பிறகு தண்ணீரை வயிற்றால் உரசுகிற மாதிரி எழுந்தது. மூன்றாவது அலை தாண்டியதும் உயரே போய், இறக்கையை மடக்கி, ஆணி அடிப்பது போலச் செங்குத்தாக விழுந்து மீனோடு வெளியே வந்தது. இறக்கை நுனி எப்படி வளைந்தது என்று கையாலேயே காட்டினார். ஒரு கால் மணி நேரம் பேசியிருப்பார். மாமா ஒரு குறுக்குக் கேள்விகூடக் கேட்காமல், கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"மீன் புடிச்சுதா? நிச்சயமா?"

"நானே பாத்தேன் மாமா. பெரிய மீனு."

"அப்ப சரி. பொழச்சுக்கும்."

இரண்டு நாள் தங்க வந்தவர்கள் பத்து நாள் தங்கினார்கள். நாற்காலியைக் கழுவியதும் மருமகன்தான். தேய்த்துக்கொண்டே, "போன மாப்பிள்ள வெச்சுட்டுப் போனத இருக்கிற மாப்பிள்ள கழுவறேன் மாமா" என்றார். மாமா சிரித்த சிரிப்பில் வாயிலிருந்த தேநீர் அக்காவின் புடவையில் தெறித்தது.

அதற்குப் பிறகு, வாரத்தில் விடுமுறையான செவ்வாய்க்கிழமைகளில் மாமா பறவை டீச்சரின் கூட்டத்தோடு அலைத்தடுப்புக் கற்களின் மேல் போய் உட்கார ஆரம்பித்தார். அக்காவும் கூடப் போகிறாள். ரொட்டியும் அவித்த முட்டையும் ஒரு தூக்கில், தேநீர் ஒரு தூக்கில். பழக்கமில்லாததால் முதல் மாதம் மாமாவுக்குக் கழுத்துப் பிடித்துக்கொண்டது. அவர் மேலே பார்த்தார், அக்கா அவர் கழுத்தைப் பிடித்துவிட்டாள்.

போன செவ்வாய்க்கிழமை நானும் கடையை அடைத்துவிட்டுப் போயிருந்தேன். அக்கா திடீரென்று எழுந்து நின்று கத்தினாள்.

"டீச்சர்! அங்க பாருங்க, அந்தக் கடைசிக் கல்லு மேல! பளபளன்னு கருப்பா, என்ன ஒரு கம்பீரம்! இத நான் இதுவரைக்கும் பாத்ததே இல்ல!"

கூட்டமே அந்தப் பக்கம் தொலைநோக்கியைத் திருப்பியது. டீச்சர் நிதானமாகப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"அம்மா, அது காக்கா."

"இருக்கட்டுமே டீச்சர்," என்றாள் அக்கா, கொஞ்சமும் அசராமல். "நல்லாத்தானே இருக்கு. எழுதிக்கோங்க."

டீச்சர் எழுதிக்கொண்டார்.